செயலி 'திருப்திகரம்' என்கிறது, பையனுக்கு ஏன் வீசிங்?

கேள்வி: மணலி புதுநகரில் வசிக்கிறோம். என் 7 வயது மகனுக்கு மார்கழி, தை மாதங்களில் வீசிங் அதிகமாகிறது. டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கு அனுப்பும் முன் போனில் காற்றின் தரம் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் அரசின் சமீர் செயலியில் 75, 'திருப்திகரம்' என்று பச்சை நிறம் காட்டியது. அதே நேரத்தில் வெளிநாட்டுச் செயலி ஒன்றில் 124, ஆரஞ்சு நிறம். எதை நம்புவது? எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் உள்ள பெரியவர் ஒருவர், "இது கம்பெனி ஏரியாம்மா, இங்க அளவே வேற. நம்ம உடம்புக்கு இதெல்லாம் பழகிப்போச்சு, வெள்ளைக்காரன் கணக்கு நமக்கு ஒத்துவராது" என்கிறார். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா, இல்லை வீடு மாறினால்தான் சரியாகுமா? - ஒரு தாய், மணலி புதுநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருந்த இரண்டு எண்களையும் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: ஒரு கன மீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராம் நுண்துகள். அதாவது, இரண்டு செயலிகளும் அன்று ஒரே காற்றைத்தான் சொல்லியிருக்கின்றன. மதிப்பெண் போட்ட முறைதான் வேறு.

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கும் குறைவான விட்டமுள்ள துகள். இது 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் நம் நாட்டுக் கணக்கில் 'நன்று', 60 வரை 'திருப்திகரம்', 90 வரை 'மிதமானது'. அமெரிக்காவில் 9 வரைதான் 'நன்று'. 35.4-ஐத் தாண்டினாலே குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்று ஆரஞ்சு நிறம் வந்துவிடும். 60 மைக்ரோகிராம் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காற்றுத் தரக் குறியீட்டில் அது 100, பச்சை. அமெரிக்கக் குறியீட்டில் அது சுமார் 154, சிவப்பு. அதனால் நிறத்தைப் பார்ப்பதையும் குறியீட்டு எண்ணைப் பார்ப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று அலகோடு போட்டிருக்கும் எண்ணைத் தேடிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த எண் மட்டும்தான்.

அன்று இரண்டும் பொருந்தியதுபோல எல்லா நாளும் பொருந்தாது. சமீரில் வருவது பெரும்பாலும் கடந்த 24 மணி நேர சராசரி. தனியார் செயலிகள் பல அந்த ஒரு மணி நேரத்துக் கணக்கைக் காட்டும். மார்கழிக் காலை 7 மணிக்குப் புகைமூட்டம் உச்சத்தில் இருக்கும்போதும், நேற்று மதியக் கடற்காற்றையும் சேர்த்துச் சராசரி போட்டுப் பச்சை காட்டினால் அது தவறான தகவல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வாசல்படி இறங்கும் பிள்ளைக்கு அதனால் பயனும் இல்லை. போதாக்குறைக்கு, அளவெடுக்கும் நிலையமே இல்லாத இடத்துக்கு சில செயலிகள் செயற்கைக்கோள் படத்தையும் கணினி மாதிரியையும் வைத்து ஒரு எண்ணை ஊகித்துத் தருகின்றன. உங்கள் பக்கத்தில் அந்தக் குறை இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் மணலியில் இருக்கிறது, தமிழ்நாடு வாரியத்தின் நிலையம் மணலி கிராமத்தில் இருக்கிறது. செயலியில் 'சென்னை' என்று பொதுவாகப் பார்க்காமல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். வேளச்சேரிக் காற்றையும் ஆலந்தூர் காற்றையும் சேர்த்துப் போட்ட சராசரியால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்த எண் எப்படி வருகிறது என்று சொன்னால் அதன் மேல் உங்களுக்கு நம்பிக்கை வரும். நிலையத்துக்குள் இருக்கும் கருவியில் கண்ணாடி இழையால் ஆன நாடா ஒன்று ஓடும். கூரை மேல் நிற்கும் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, பெரிய தூசியைத் தனியே தள்ளிவிட்டு, நுண்துகளை மட்டும் அந்த நாடாவில் படியவிடும். மணிக்கு ஒரு வட்டம், சட்டைப் பொத்தான் அளவில். அந்த வட்டத்தின் வழியே பீட்டா கதிரைச் செலுத்தி, எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை வைத்து எடை கணக்கிடப்படும். பராமரிப்புக்குப் போகும்போது அந்த நாடாவை உருவிப் பார்ப்போம். நல்ல மழை பெய்த மதியத்தின் வட்டம் கண்ணுக்கே தெரியாது. போகி விடியலின் வட்டம் கரிக்கட்டையால் அழுத்தித் தேய்த்ததுபோல் இருக்கும்.

கைமுறையாக அளக்கும் முறையில் 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்றை ஒரு வடிதாள் வழியே இழுத்து, தாளை முன்னும் பின்னும் எடை போடுவார்கள். நாள் சராசரி 60 மைக்ரோகிராம் என்றால் அந்தத் தாளில் சேர்ந்திருப்பது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. இவ்வளவு சொற்பத்துக்கா இத்தனை கவலை என்று தோன்றும். எடை சொற்பம்தான், ஆனால் துகள்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில். மூக்கு மயிரும் சளியும் தடுக்கும் அளவைவிட இவை சிறியவை. நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகும், அதில் மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும்.

இனி அந்தப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது சட்டமாகவே இருந்தது. 1994-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட தர அளவில் நாட்டை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: தொழிற்பகுதி, குடியிருப்பு மற்றும் கிராமப் பகுதி, நுட்பமான பகுதி. காற்றில் மிதக்கும் மொத்தத் தூசிக்கு ஆண்டு சராசரியாகக் குடியிருப்புப் பகுதியில் 140 மைக்ரோகிராம்தான் அனுமதி. தொழிற்பகுதியில் 360. ஒரே ஊரில், ஒரே சாலையின் இந்தப் பக்கத்துப் பிள்ளை 140-க்குள் சுவாசிக்க வேண்டும், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு 360 வரை பரவாயில்லை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாது. ஆலைக்குப் பக்கத்தில் வாடகை குறைவு என்று குடிவந்த குடும்பத்தின் நுரையீரல் மலிவு என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்ததுபோல் அது இருந்தது.

2009 நவம்பர் 18 அன்று வந்த புதிய அறிவிக்கை அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. பிஎம் 2.5-க்கு முதல்முறையாக நாட்டுத் தர அளவு வந்ததும் அதில்தான்: ஆண்டு சராசரி 40, நாள் சராசரி 60. ஆலை வாசலானாலும் ஊட்டியானாலும் இதே எண்தான். கந்தக டை ஆக்சைடுக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் மட்டும் சூழல் நுட்பப் பகுதிகளில் இன்னும் கடுமையான ஆண்டு அளவு உண்டு. எங்கும், எதற்கும், தொழிற்பகுதிக்கென்று தளர்வு இல்லை. 'கம்பெனி ஏரியா, அளவு வேற' என்று இனி யார் சொன்னாலும், "ஐயா, அது 2009-லேயே முடிந்துபோன கதை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

சொல்லப்போனால் சட்டம் எதிர்த்திசையில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-ன் 3-வது விதிப்படி, ஓர் ஆலையின் புகைபோக்கிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவைவிடக் கடுமையான அளவை மாநில வாரியம் விதிக்கலாம். அந்தப் புகை போய்ச் சேரும் இடத்தின் நிலையைப் பார்த்து, காரணத்தை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு, விதிக்கலாம். 2009-ல் மத்திய வாரியம் 88 தொழிற்தொகுப்புகளை மதிப்பிட்டு 43 இடங்களை 'மிக மோசமாக மாசடைந்தவை' என்று அறிவித்தபோது மணலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குத் தளர்வு கேட்பது நியாயமா, இறுக்கம் கேட்பது நியாயமா? வட்டாரத்துக்கு ஏற்ற அளவு வேண்டும் என்று உங்கள் சங்கம் பேசுவதாக இருந்தால், பேச வேண்டியது இதைத்தான்.

'நம்ம உடம்புக்குப் பழகிப்போச்சு' என்பதைப் பற்றி. தொண்டை பழகலாம், இருமல் அடங்கலாம். நுரையீரல் பழகுவதில்லை. 1993-ல் ஆறு அமெரிக்க நகரங்களில் செய்த ஆய்வு வெளியானது. நுண்துகள் அதிகமுள்ள ஊரில் ஆயுள் குறைகிறது என்பதை அது காட்டியது. 1997-ல் உலகின் முதல் பிஎம் 2.5 தர அளவுகளில் ஒன்றாக அமெரிக்கா ஆண்டுக்கு 15 என்று வைத்தது, 2012-ல் 12, 2024-ல் 9 என்று இறக்கியது. உலக சுகாதார அமைப்பு 2005-ல் ஆண்டுக்கு 10, நாளுக்கு 25 என்றது. 2021-ல் அதை 5, 15 என்று இறக்கியது. ஒவ்வொரு முறை அளவை இறக்கிய பிறகும், அதற்குக் கீழேயும் பாதிப்பு தெரிகிறது என்றுதான் புதிய ஆய்வுகள் வருகின்றன. இதற்குக் கீழே போனால் பயமே இல்லை என்று சொல்லும்படி ஒரு கோட்டை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் நம் 40 எதைக் குறிக்கிறது? அது உடல்நலக் கோடு அல்ல. மருத்துவம் சொல்வது ஒரு பக்கம், நம் ஆலைகளாலும் வண்டிகளாலும் இப்போது முடிந்தது எவ்வளவு என்பது இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே அரசு எடுத்த முடிவு. உடனே 5-க்கு இறங்க முடியாத நாடுகளுக்காக உலக சுகாதார அமைப்பே படிப்படியான இடைக்கால இலக்குகளை வைத்திருக்கிறது. அதில் முதல் படி, அதாவது மிகவும் தளர்ந்த படி, ஆண்டுக்கு 35. நம் 40 அந்த முதல் படிக்கே வெளியே நிற்கிறது. 2009-க்குப் பிறகு இந்த எண்ணைத் தொடவே இல்லை. நம் மண்ணில் இயல்பாகவே தூசி அதிகம், அதனால் தளர்வு தேவை என்று ஒரு வாதம் உண்டு. பாலைவனத் தூசி சூழும் வடமேற்கு மாநிலங்களுக்கு அதில் ஓரளவு பொருள் இருக்கிறது. ஆனால் மண் தூசியும் கடல் உப்பும் பெரும்பாலும் பெரிய துகள்கள். சென்னையின் நுண்துகளில் பெரும்பங்கு எரிப்பதில் இருந்து வருவது: நிலக்கரி, டீசல், குப்பை.

மொட்டை மாடித் தரையை விரலால் வழித்துக் கருப்பாக வருவதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள் அல்லவா? அந்தக் கரியும் சாம்பலும் உண்மையான தொல்லைதான். ஆனால் கீழே படிந்துவிடும் அளவுக்குக் கனமானவை அவை. உங்கள் பையனின் மார்புக்குள் போவது படியாமல் மிதப்பது. அதில் ஒரு பகுதி புகைபோக்கியிலிருந்து துகளாக வெளிவருவதுகூட இல்லை. நிலக்கரியை எரிக்கும்போது வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவாக வெளியேறி, காற்றில் அமோனியாவோடு சேர்ந்து, மணிக்கணக்கில் சல்பேட் துகளாக மாறுகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் எண்ணூர், வல்லூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகை மணலியை நோக்கித்தான் வரும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்க, கீழே குளிர்ந்த காற்றில் சாலைப் புகையும் சேர்ந்து தேங்கிவிடும். மார்கழி, தையில் வீசிங் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பருவத்தில் வரும் சளிக்காய்ச்சலும் இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். நான் சுற்றுச்சூழல் பொறியாளன். மருந்து விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு, காற்று நன்றாக இருக்கிறது என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பையன் விஷயத்தில் நம் நாள் அளவான 60-ஐ மறந்துவிட்டு, உலக சுகாதார அமைப்பின் நாள் அளவான 15-ஐ நினைவில் வையுங்கள். 15-க்குள் என்றால் தாராளமாக ஓடி விளையாடட்டும். 35 வரை வழக்கம்போல் இருக்கலாம். அதைத் தாண்டினால் அன்றைய காலை ஓட்டத்தையும் பி.டி. வகுப்பையும் தவிர்க்கச் சொல்லி ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், விளையாட்டை மாலைக்கு மாற்றுங்கள். 60-ஐத் தாண்டினால் விடியற்காலையில் ஜன்னலைத் திறக்க வேண்டாம், வெயில் ஏறி மூட்டம் கலைந்த பிறகு திறங்கள். போகி அன்றும் தீபாவளி அன்றும் செயலியைப் பார்க்கவே வேண்டாம், பிள்ளை உள்ளே இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், வீட்டுக்குள் எரிப்பது. ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய படுக்கையறையில் அதை ஏற்றி வைத்துவிட்டு வெளிக்காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பையன் இருக்கும் அறையில் போட வேண்டாம். வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

பியூரிஃபையர் வாங்கலாம், ஆனால் வீடு முழுக்க அல்ல, பையன் தூங்கும் அறைக்கு மட்டும். ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். 10-க்கு 12 அடி அறை என்றால், மணிக்குக் குறைந்தது 170 கன மீட்டர் தூய காற்று தரும் கருவி வேண்டும். பெட்டியின் மேல் சி.ஏ.டி.ஆர். என்று போட்டிருக்கும் எண் அதுதான். அயனி, ஓசோன் வெளியிடும் வகை வேண்டவே வேண்டாம், ஓசோன் வீசிங்கைக் கிளறிவிடும். ஃபில்டர் மாற்றும் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. இருக்கிறதே, போதாதா என்றால் போதாது, அதன் சல்லடை பெரிய தூசியைத்தான் பிடிக்கும். முகக்கவசம் என்றால் என்95 ஒன்றே பயன் தரும். துணி மாஸ்க் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. 7 வயது முகத்தில் என்95 இடைவெளி இல்லாமல் பொருந்துவது கடினம் என்பதால் அதை நம்பி வெளியே அனுப்ப வேண்டாம்.

வீடு மாறுவது பற்றி அவசரப்படாதீர்கள். சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் 5-க்குள் காற்று கிடைக்கப்போவதில்லை. வேலை, பள்ளி, சொந்தபந்தம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய் அடைவது அவ்வளவு பெரியதாக இருக்காது. ஆனால் உங்கள் வீடு கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டியே இருந்தால், அதே ஊரில் இருநூறு, முந்நூறு மீட்டர் உள்ளே தள்ளிப் போவதே டீசல் புகையைக் கணிசமாகக் குறைக்கும். அது முடியும் என்றால் செய்யுங்கள்.

காற்று மேம்பட்டால் பிள்ளைகளின் நுரையீரல் மேம்படுமா என்ற கேள்விக்கு உறுதியான விடை இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மாசு அதிகமுள்ள ஊர்களில் நுரையீரல் வளர்ச்சி குன்றியிருந்தது. அங்கே விதிகள் இறுகி காற்று தெளிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல், முந்தைய தலைமுறைப் பிள்ளைகளைவிட நன்றாக வளர்ந்திருந்ததை 2015-ல் வெளியிட்டார்கள். உங்கள் மகனுக்கு வயது 7. நுரையீரல் வளர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருக்கிறது. சங்கத்தில் இதற்காக நீங்கள் செலவழிக்கும் நேரம் வீண்போகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சங்கத்துக்கு எளிய வேலை ஒன்று தருகிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள். மணலி நிலையத்தின் நாள் சராசரியைத் தினமும் எழுதுங்கள், பக்கத்திலேயே பையனுக்கு வீசிங் வந்த நாளையும் இன்ஹேலர் எடுத்த தடவைகளையும் குறியுங்கள். டாக்டருக்கு அந்தப் பக்கம் பயன்படும். எண்கள் சங்கத்துக்குப் பயன்படும். ஏனென்றால், ஆண்டில் 98 சதவீத நாட்கள் காற்று நாள் அளவுக்குள் இருக்க வேண்டும், மீதி 2 சதவீதத்திலும் அளவெடுத்த இரண்டு நாட்கள் அடுத்தடுத்து மீறக் கூடாது என்று அதே 2009 அறிவிக்கை சொல்கிறது. அப்படி அடுத்தடுத்து மீறினால், தொடர் கண்காணிப்புக்கும் விசாரணைக்கும் அதுவே போதுமான காரணம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நோட்டில் அப்படி இரண்டு நாட்கள் வந்தால் தேதியோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் மட்டும் 60-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார அமைப்பின் 15-ஐ அலுவலகத்தில் காட்டினால் "அது பரிந்துரைதானே" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னையும் இருக்கிறதே என்று சங்கத்தில் சொல்லக்கூடும். உண்மை. ஆனால் அதில் நகரங்களுக்கு மதிப்பெண் போடுவது பிஎம் 10 என்ற பெரிய துகளை வைத்து. சாலையில் தண்ணீர் தெளித்தாலே அந்த எண் கொஞ்சம் இறங்கும். புகைபோக்கியிலிருந்து வரும் சல்பேட் அதற்கு அசையாது.

புகைபோக்கியைப் பற்றிக் கேட்க ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) இருக்கிறது, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அனல்மின் நிலையங்களுக்கான கந்தக டை ஆக்சைடு அளவு 2015 டிசம்பரில் வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு விலக்கு இல்லை, 2027 டிசம்பர் வரை கெடு. உங்கள் பக்கத்து நிலையங்கள் ஒவ்வொன்றும் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது, கந்தக நீக்கக் கருவியின் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, 3-வது விதியின் கீழ் மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு மாநில வாரியம் கூடுதல் கடுமை எதையாவது விதித்திருக்கிறதா? இந்த மூன்றையும் தனித்தனிக் கேள்வியாக, சங்கத்தில் ஒருவர் பெயரில் கேளுங்கள். ஆர்.டி.ஐ. தனிநபர் பெயரில் போவதுதான் பாதுகாப்பு. அந்தப் பெரியவரே கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அடுத்து எங்கே போவது என்று பார்த்துச் சொல்கிறேன்.